பரண்மேல் இருந்த ரோஸ் புடவை

22 ஏப்ரல் 2025, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்து நேற்றுதான் கூரத்திலிருந்து திரும்பினேன். அம்மா வீட்டில் மூன்று நாள் மகாராணி மாதிரி உட்கார்ந்து தின்றதற்கு, இங்கே காவாந்தண்டலத்தில் ஒரு மூட்டை அழுக்குத்துணி காத்துக்கொண்டிருந்தது. துவைக்கும்போது பச்சை டாப்ஸ் தோள்பட்டையில் டர்ரென்று விட்டுப்போனது. நாலாவது துவைப்பு. ஃபோனில் படம் பார்த்து வாங்கியது.

நான் நாலு வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றவள். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று கண்ணாலேயே எண்ணிச் சொல்வேன். அப்படிப்பட்டவள் ஃபோனில் பதினேழு டாப்ஸ் வாங்கி, பதினேழும் பல்லை இளித்துக்கொண்டு கிடக்கிறது. அதனால்தான் ஜனவரியில் முடிவெடுத்தேன். இந்த வருஷம் முழுக்கப் புதுத்துணி வாங்குவதில்லை, இருக்கிற பழசைப் பிரித்து மாற்றித் தைத்துப் போட்டுக்கொள்வது. இவர் சிரித்தார். "எத்தினி நாளைக்குன்னு பாக்கறேன்" என்றார். நாலு மாதம் ஓட்டிவிட்டேன். இவருடைய பழைய சட்டை இரண்டைச் சேர்த்து எனக்கு ஒரு டாப்ஸ் ஆனது. கிழிந்த நைட்டி தலையணை உறை ஆனது.

ஏன் இப்படி என்று யாராவது கேட்டால்தான் முழிக்கிறேன். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன சட்டைகளை யாரும் எடுத்துப் போட்டுவிடக் கூடாதென்று கத்தரியால் குறுக்கே வெட்டச் சொல்வார்கள். நல்ல சட்டைதான், ஒரு பட்டன் கோணலாக இருக்கும். நானே எத்தனையோ வெட்டியிருக்கிறேன். அதற்குப் பரிகாரமா இது? இல்லை, ஏமாந்துபோன கடுப்பா? சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

24 ஏப்ரல், வியாழன்

பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிற அம்மாள் காலையில் தெருவுக்குள் வந்தார். அத்தை தன் பழைய புடவைகளைக் கொடுத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் குறுக்கே விழுந்தேன்.

"அதுங்கள எனக்குக் குடுங்க அத்தை."

"ஒனக்கு இன்னாத்துக்கு?"

"தெக்கறதுக்கு."

அத்தை என்னையும் பிளாஸ்டிக் கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் அந்த அம்மாளைப் போகச் சொல்லிவிட்டார். "பரண் மேல டிரங்குப் பொட்டிலயும் பழசு கீது. எது வோணுமோ எடுத்துக்கோ. எலி பூந்து நாசம் பண்றதுக்கு நீயாவது பண்ணு" என்றார்.

கிண்டல்! அத்தை என்னிடம் கிண்டலாகப் பேசியது இதுதான் முதல் தடவை. எங்களுடையது காதல் கல்யாணம், நான் கிறிஸ்தவப் பெண், ஊர் வாயில் வேதக்காரி. ஒன்றரை வருஷம் வாலாஜாபாத்தில் வாடகைக்கு இருந்துவிட்டு, இந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மாமாவும் அத்தையும் என்னை ஒன்றும் சொன்னதில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குப் பயம். இன்று மனசு லேசாக இருந்தது.

மத்தியானம் பரண் ஏறினேன். பெட்டிக்குள் எல்லாம் சாயம் போன புடவைகள். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு வெள்ளை வேட்டியில் சுற்றி, காய்ந்த வேப்பிலை போட்டு, ரோஸ் நிறத்தில் வெள்ளைப்பூ போட்ட ஒரு புடவை. ஒரு மூலையில் மட்டும் மஞ்சள் கறை. மற்றபடி இழை ஒன்றுகூட விலகவில்லை. இந்த மாதிரித் துணி இப்போது எங்கே வருகிறது!

26 ஏப்ரல், சனி

வெட்டிவிட்டேன். முந்தானையையும் இரண்டரை மீட்டரையும் விட்டுவிட்டு மற்றதில் முட்டிக்குக் கீழே இறங்குகிற மாதிரி குடை டாப்ஸ். கழுத்துக்கு வெட்டிய வட்டத் துண்டை மெஷின் எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டேன். ஒரே மூச்சில் தைத்து, துவைத்து, வெயிலில் காயப்போட்டாகிவிட்டது.

சாயங்காலம் இவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் போட்டுக் காட்டினேன். "இந்தக் கலர் உனக்கு சூப்பரா கீது. எந்தக் கடை?" என்றார். உங்க வீட்டுப் பரண் கடை என்றேன்.

27 ஏப்ரல், ஞாயிறு

ஒன்றும் புரியவில்லை.

காலையில் அந்த டாப்ஸைப் போட்டுக்கொண்டுதான் மாமாவுக்குச் சோறு வைத்தேன். மாமா நிமிர்ந்து பார்த்தார். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுபோனது. "இன்னா மாமா, உப்பு இல்லையா?" என்றேன். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டார். பொழுது சாய்ந்துதான் வந்தார்.

மருமகள் ஷால் போடாமல் நின்றது பிடிக்கவில்லையா? அப்படியானால் அத்தையிடம் சொல்லி அனுப்பியிருக்கலாமே.

30 ஏப்ரல், புதன்

அத்தையும் இப்போது அப்படித்தான். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துவந்தவர் என் ரோஸ் டாப்ஸை மட்டும் தனியாக, கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிவந்து கட்டிலில் வைத்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சோப்பு அதிகம் போடாத" என்று மட்டும் சொன்னார்.

4 மே, ஞாயிறு

ஷால் போட்டுப் பார்த்தேன். மாற்றம் இல்லை.

டாப்ஸை விட்டுவிட்டுப் புடவை கட்டினேன். அப்போதும் மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று கூரத்துக்குக் கோயிலுக்குப் போகலாமா வேண்டாமா என்று பத்து மணிவரை உட்கார்ந்தே இருந்து, போகவில்லை. ஒருவேளை வேதக்காரி என்பதுதான் இப்போது திடீரென்று கசக்கிறதா? நாத்தனார் பிரியங்காவுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், ஜூன் எட்டாம் தேதி. சொந்தக்காரர்கள் யாராவது என்னைப் பற்றி ஏதாவது சொன்னார்களோ?

இவரிடம் கேட்டேன். "நீயா ஏதாவது நெனச்சிக்காத. எங்கப்பா எப்பவுமே அப்படித்தான்" என்றார். எப்போதும் அப்படி இல்லை. எனக்குத் தெரியும்.

9 மே, வெள்ளி

எதிர்வீட்டு பிரபா அக்கா கேட்டுவிட்டார். "ஏம்மா, வூட்டுக்காரர் நல்லாத்தானே சம்பாதிக்கிறாரு. ஒனக்கு இன்னா கஷ்டம்? பழம்பொடவைய வெட்டிப் போட்டுக்கினு திரியற."

அதுதான் விஷயமா! கல்யாண நேரத்தில் வீட்டு மருமகள் பழைய துணியில் திரிந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று இவர்களுக்கு வெட்கம். காரணம் தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. என் சட்டம் என் உடம்புக்கு மட்டும்தானே, யாரையும் வாங்காதே என்றேனா?

சரி, கல்யாணத்துக்கு மட்டும் ஒரு புடவை வாங்கிக்கொள்வோம். அன்றைக்கு ஒரு நாள் விலக்கு. இதை எழுதும்போதே தோற்றுப்போன மாதிரி இருக்கிறது.

12 மே, திங்கள்

நான் நினைத்தது எதுவுமே இல்லை.

இன்று பிரியங்கா பத்திரிகைக் கட்டுகளைப் பிரித்து விலாசம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஒத்தாசைக்கு உட்கார்ந்தேன். "முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமை பூவாடக்காரிக்குப் படைக்கறாங்க அண்ணி. அப்பா கூடப் பொறந்த தென்னேரி அத்தைக்கு முதல்ல பத்திரிகை வெக்கணும், அவங்க வந்தாத்தான் ஆவும்" என்றாள்.

பூவாடைக்காரி யார், அம்மன் பெயரா என்று கேட்டேன். எனக்கு இதெல்லாம் தெரியாது. போன வருஷம் படையலுக்கு இவர் மட்டும்தான் வாலாஜாபாத்திலிருந்து வந்துபோனார்.

"அம்மன் இல்ல அண்ணி. குடும்பத்துல பூவும் பொட்டுமா செத்துப்போனவங்க. நம்ம வூட்ல சிட்டம்மா பெரியம்மா."

சிட்டம்மாள் யாரென்று தெரியும். இவரைப் பெற்றவர், மாமாவின் முதல் சம்சாரம். இவருக்குப் பதினோரு மாதம் ஆனபோது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அத்தை வந்தார், அத்தைதான் இவரை வளர்த்தார். பிரியங்கா அத்தைக்குப் பிறந்தவள். சிட்டம்மாளுக்கு ஒரு ஃபோட்டோகூட இல்லை என்று இவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

பிரியங்கா எழுதிக்கொண்டே சொன்னாள். "மத்தவங்க வூட்ல எல்லாம் புதுப்பொடவை வெப்பாங்க. நம்ம வூட்ல மட்டும் அவங்க கட்டின பொடவையே. அந்தப் பொடவைய தண்ணில நனச்சி, பூ வெச்சி, அவங்கள வூட்டுக்குக் கூப்புடுவாங்க. அப்புறம் தென்னேரி அத்தை கொஞ்ச நேரம் அத்த கட்டிக்கினு இருப்பாங்க. பரண் மேல ஒரு மூங்கில் கூடையில கீது. ரோஸ் கலர், வெள்ளப்பூ."

என் கையில் இருந்த பத்திரிகை கீழே விழுந்துவிட்டது. இல்லை, நானே போட்டேனா?

13 மே, செவ்வாய்

கூடையில் இல்லையே. பெட்டியில்தானே இருந்தது. பெட்டியில்தானே.

14 மே, புதன்

அப்படியானால் மாமாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அத்தைக்கும். இவருக்கும் பிரியங்காவுக்கும்தான் தெரியவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை, பூவும் ஈரமுமாக, கொஞ்ச நேரம் பார்ப்பதுதான்; டாப்ஸாகத் தைத்தபின் எங்கே அடையாளம் தெரியும்? 'எந்தக் கடை' என்று என்னைக் கேட்டாரே, ஐயோ.

அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். அழுதுவிட்டேன். அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு, "நாம கும்புடறது இல்ல. சரி. அதுக்குன்னு அவங்க கும்புடறத நாம வெட்டலாமாடி?" என்றார்.

"தெரிஞ்சா வெட்டினேன்?"

"தெரியாம வெட்டினேன்னு மொதல்ல அவங்ககிட்ட போயி சொல்லு. எங்கிட்ட அழுது இன்னா ஆவப்போவுது?"

சரிதான். ஆனால் யாரிடம் முதலில்? மாமாவிடம் எப்படிப் பேச்சை எடுப்பது? இவரிடம் சொல்ல வாயே வரவில்லை. எனக்கு இன்னொன்றும் குழப்பமாக இருக்கிறது. துணி துணிதான், செத்தவர்கள் அதில் வந்து உட்காருவதில்லை என்றுதான் நான் நம்புகிறேன். அப்படி நம்புகிறவளுக்கு ஏன் அந்த டாப்ஸைத் தொடப் பயமாக இருக்கிறது?

17 மே, சனி

யாரும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து டாப்ஸைப் பிரிக்க ஆரம்பித்தேன். துண்டுகளைத் தரையில் பரப்பி, மீதியோடு சேர்த்து, திரும்பவும் புடவையாக ஒட்டித் தைத்துவிடலாம் என்று பைத்தியக்கார யோசனை. நல்ல தையல்காரிக்கு இணைப்பே தெரியாமல் தைக்க முடியாதா? முடியாது. கழுத்து வட்டம் எண்ணெய்க் கறையோடு மெஷின் கீழே கிடந்தது. கை வளைவில் வெட்டிய சில்லுகள் குப்பையோடு போய்விட்டன. ஒரு கையைப் பிரித்து முடித்து அடுத்த கைக்கு வந்தபோது அத்தை வாசலில் நிற்கிறார். நூறு நாள் வேலையிலிருந்து சீக்கிரம் விட்டுவிட்டார்களாம்.

நான் எழுந்திருக்கவில்லை. அப்படியே காலைப் பிடித்துக்கொண்டேன். என்னென்னவோ உளறினேன்.

அத்தை மண்வெட்டியை மூலையில் சாத்திவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "பிரிக்காத. போதும், பிரிக்காதம்மா" என்றார். கொடியில் பார்த்த அன்றைக்கே தெரியுமாம். ஓடிப்போய்ப் பரணில் கூடையைப் பார்த்தாராம், காலி.

"அப்ப ஏன் அத்தை என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேக்கணும்னுதான் வந்தேன். நீ அத்த போட்டுக்கினு கண்ணாடி முன்னாடி நின்னு சுத்திக்கினு இருந்த. வாய் வரல." கொஞ்ச நேரம் தரையில் கிடந்த துண்டுகளை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். "இருவத்தேழு வருசமா வருசா வருசம் இத்த அலசி, நெழல்ல ஒணத்தி, வேப்பில போட்டு வெக்கிறது நானு. கட்டறது தென்னேரிக்காரி. மூத்தா பொடவைய எளையா கட்டக் கூடாதுன்னு எங்க மாமியா சொல்லிட்டாங்க. ஒரு தபா தோள்மேலகூட போட்டுப் பாத்தது இல்ல."

அத்தை கோபமாக இருக்கிறாரா, வருத்தமாக இருக்கிறாரா, தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் இரண்டும் இல்லாத மாதிரி இருந்தது.

எழுந்து போகும்போது திரும்பினார். சின்னப்பெண் மாதிரி தாழ்வாரத்து மரத்தூணைப் பிடித்துக்கொண்டு, "மீதி துணில ஒரு ஜாக்கெட்டு வருமா?" என்றார்.

"யாருக்கு அத்தை?"

"எனக்குத்தான். பொடவதானே கட்டக் கூடாதுன்னாங்க."

18 மே, ஞாயிறு

அளவு எடுத்தேன். அத்தைக்குக் கூச்சம், கதவைச் சாத்தச் சொன்னார். கடையில் கொடுத்துத் தைப்பதுதான் வழக்கமாம், வீட்டில் யாரும் இப்படி டேப் பிடித்து அளந்ததில்லையாம். மார்பு முப்பத்தாறு, உயரம் பதினாலு, கை ஒன்பது. இன்றே வெட்டிவைத்தேன். எனக்கே நம்பமுடியவில்லை. அதே துணியில் மறுபடியும் கத்தரி வைக்கிறேன், இந்தத் தடவை பயமில்லாமல்.

20 மே, செவ்வாய்

எல்லாம் கெட்டுப்போனது.

இவரிடம் நானே சொல்வதாகத்தான் இருந்தேன். அதற்குள் மத்தியானம் சாப்பிடும்போது இவரே கேட்டுவிட்டார். "பொடவைய எடுத்து வெச்சிட்டீங்களாம்மா? கூடை காலியா கீதே." நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

"நான்தான் பிர்சிலாகிட்ட எடுத்துக்கச் சொன்னேன். தெச்சிட்டா. அவள ஒண்ணும் கேக்காத."

இவர் என்னைப் பார்த்தார். அந்த ரோஸ் டாப்ஸ் எதில் தைத்தது என்று அப்போதுதான் இவருக்கு உறைத்தது. முகம் எப்படி ஆனது என்பதை எழுத முடியவில்லை. ஆனால் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அத்தையைத்தான் சொன்னார். "ஒனக்கு எப்பவுமே அது கண்ண உறுத்திக்கினுதான் இருந்துது. இல்ல? அதான் இவ கையால வெட்ட வெச்சிட்ட. எங்கம்மா மூஞ்சிகூட எனக்குத் தெரியாது. அது ஒண்ணுதான் இருந்துது."

அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். இருபத்தேழு வருஷம் இவரை வளர்த்தவர், இவர் டைஃபாய்டில் கிடந்தபோது செங்கல்பட்டு ஆஸ்பத்திரித் தரையில் பதினெட்டு நாள் படுத்தவர். அதை எனக்குச் சொன்னதே இவர்தான்.

21 மே

இவர் ஷிஃப்ட்டுக்குப் போனார், வந்தார். அத்தை வைத்த சோற்றைச் சாப்பிடவில்லை.

22 மே

இன்றும்.

23 மே, வெள்ளி

உண்மையை முழுக்கச் சொல்லிவிட்டேன். பெட்டியில் பழசு இருக்கிறது என்றுதான் அத்தை சொன்னார். அதில் அந்தப் புடவையும் இருப்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான்தான் எடுத்தேன், நான்தான் வெட்டினேன், திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

"கூடையில கீறது எப்படிப் பொட்டிக்கு வரும்? தானா நடந்து வந்துதா? அவங்க ஒனக்காகப் பேசறாங்க, நீ அவங்களுக்காகப் பேசற. நான்தான் லூசு" என்றார். படையலுக்கு உட்காரப் போவதில்லையாம். "எத்த வெச்சிக் கூப்புடுவீங்க?"

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. எப்படிப் பெட்டிக்கு வந்தது? எனக்கே ஒரு நிமிஷம்—எழுத வெட்கமாக இருக்கிறது—அத்தை மேல் சந்தேகம் வந்தது. ஆசைப்பட்டவர்தானே. ஜாக்கெட் கேட்டாரே. தெரிந்தேதான் அந்தப் பெட்டியைக் காட்டினாரோ? இப்படி நினைக்கிற நான் என்ன ஜென்மம்?

25 மே, ஞாயிறு

அத்தை வந்து, "அந்த ஜாக்கெட்டு வோணாம்மா. தெக்காத, எடுத்து வெச்சிடு" என்றார். சரி என்றேன். முக்கால்வாசி தைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. மெஷின் டிராயரில் போட்டு மூடினேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம். கல்யாணப் பெண்ணின் அண்ணன் அம்மாவோடு பேசுவதில்லை. வீடு நிறையப் பத்திரிகை, பந்தல்காரர், சமையல்காரர். எல்லோரும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். நான் இவரிடமும் அத்தையிடமும் மாற்றி மாற்றி ஓடி தபால்காரி வேலை பார்க்கிறேன்.

27 மே, செவ்வாய்

மாமா பேசினார்.

இவர் வெளித்தாழ்வாரத்தில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். நான் டீ கொண்டுபோனேன். மாமா கட்டிலில் உட்கார்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டே சொன்னார். "பொங்கல் கழிச்சி எலி கூடைய ஓட்ட போட்டுடுச்சி. நான்தான் எடுத்து டிரங்குப் பொட்டில வெச்சேன். ஒங்கம்மா முனியம்மாகிட்ட சொல்லணும்னு இருந்தேன், மறந்துட்டேன்."

இவர் ஷூ லேஸைக் கையில் பிடித்தபடியே இருந்தார்.

"அப்ப இத்தினி நாளா ஏன் சொல்லல?" என்றார்.

"அன்னிக்கு இந்தப் பொண்ணு சோறு வெக்க வந்துது பாரு. ஒரு நிமிசம் அவளே வந்துட்டாப்போல ஆயிடிச்சி எனக்கு. அப்புறம் இன்னான்னு புரிஞ்சுது. எம்மேலதான் தப்பு. எப்படிச் சொல்றது?" மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முனியம்மா மேல பழி போட்டியே. அத்த கேட்டுக்கினு கம்முனு இருந்தேனே, நானு ஒரு ஆம்பளையா."

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. இவர் டீ குடிக்காமலே போய்விட்டார். நான் உள்ளே வந்து அத்தையைத் தேடினேன். தோட்டத்துப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார், கேட்டிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒரே பாத்திரத்தை ரொம்ப நேரம் துலக்கினார்.

அத்தையைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்டால் சந்தேகப்பட்டேன் என்று தெரிந்துபோகும். இதற்கு என்ன செய்வார்கள்?

30 மே, வெள்ளி

படையல். தென்னேரி அத்தை காலையிலேயே வந்துவிட்டார். விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மாமாதான் ஒரே வார்த்தையில் முடித்தார். "இருக்கறத வெச்சிக் கூப்புடுவோம். வர்றதா இருந்தா வருவா." நான் பிரித்த கையைத் திரும்பத் தைத்து வைத்திருந்தேன். அந்த டாப்ஸையும் மீதித் துணியையும் தாம்பாளத்தில் மடித்து வைத்தார்கள்.

பெரிய நாயக்கர் வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டியது மகன். இவர் இல்லை. காலை ஷிஃப்ட் முடிந்தும் வரவில்லை, ஃபோனை எடுக்கவில்லை. மூன்று மணி, நாலு மணி. பிரியங்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அந்தக் கிணறு வரைக்கும் நான் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே என்ன பார்க்கப் போனேன் என்று எனக்கே தெரியாது.

ஐந்து மணிக்குக் கம்பெனி யூனிஃபார்மோடு வந்தார். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து அத்தை முன்னால் குடத்தை இறக்கினார். அத்தைதான் நனைக்க வேண்டும், இருபத்தேழு வருஷப் பழக்கம். இவர் ஊற்ற ஊற்ற அத்தை துணியை நனைத்துப் பிழிந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சாம்பிராணிப் புகையில் என் கண் எரிந்தது. நான் கையைக் கூப்பினேனா இல்லையா என்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. முடிந்ததும் தென்னேரி அத்தை, "இத்த நான் எப்படிக் கட்டறது? யாருக்குத் தெச்சாளோ அவளையே போட்டுக்கச் சொல்லு" என்றார். ஈரத்தோடு போட்டுக்கொண்டேன். சில்லென்று இருந்தது. மாமா இந்தத் தடவை என்னை நிமிர்ந்து பார்த்தார், சாப்பிட்டார்.

1 ஜூன், ஞாயிறு

இவர் பிளேடு தேடி மெஷின் டிராயரைத் திறந்திருக்கிறார். ஜாக்கெட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "இது யாருக்கு?" என்றார். "உன் சைசு இல்ல."

சொன்னேன். அத்தை கேட்டதையும், கதவைச் சாத்தி அளவெடுத்ததையும், பிறகு வேண்டாம் என்றதையும், இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தோளில் போட்டுப் பார்த்ததில்லை என்று சொன்னதையும். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டுவிட்டு ஜாக்கெட்டை டிராயரிலேயே வைத்து மூடினார். பிளேடு எடுக்காமலே வெளியே போய்விட்டார்.

சொன்னது சரியா? அத்தை என்னை நம்பிச் சொன்னது அது. எனக்கு வாய் நீளம்.

3 ஜூன், செவ்வாய்

சாயங்காலம் இவர் உத்திரமேரூர் பஜாருக்குப் போய்ப் பந்தல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து மெஷின் மேல் வைத்தார். பிரித்துப் பார்த்தால் ஜாக்கெட் கொக்கி ஒரு அட்டை, ரோஸ் நூல் ஒரு கண்டு. நூல் கொஞ்சம் கலர் மாறித்தான் இருந்தது, நான் சொல்லவில்லை.

அத்தை அடுப்பங்கரையில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தார். இவர் அங்கே பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். "கல்யாணத்துக்குள்ள முடிச்சிடு. வலது கைய மட்டும் கொஞ்சம் லூசா வெய். அம்மாக்கு அந்தத் தோள தூக்க முடியாது. சின்னதுல என்னிய அந்தப் பக்கமேதான் தூக்கி வெச்சிக்கினு இருப்பாங்க."

வலது அக்குளைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்தேன்.